மட்டை விளிம்பில் பட்ட பந்து

காலை ஐந்து நாற்பது. ஊரடங்கு அப்போதுதான் விலகியிருந்தது. ஒழுங்கையில் இறங்கியதும் நான் முதலில் கண்டது எதிர்வீட்டு வாசல் படலைத் தூணின் மேல் காய வைத்திருந்த ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்துகளை. கன்வஸ் சப்பாத்துகள். இரவே வெள்ளை பூசியிருக்க வேண்டும். ஓரங்களில் பூச்சு இன்னும் ஈரமாக இருந்தது. தூணுக்குக் கீழே, சீமெந்துக் கட்டில், எங்கள் ஒழுங்கைக்கு மீன் கொண்டு வரும் பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கூடை இல்லை.

"என்னக்கா, இந்த நேரத்தில?"

"நாய் இழுத்துக்கொண்டு போயிடும் தம்பி. அதுதான் பாத்துக்கொண்டு இருக்கிறன்."

அவளுடைய மூத்த மகனைச் சில நாட்களுக்கு முன் பாலத்தடிச் சென்றியில், இராணுவக் காவலரணில், மறித்து வைத்திருந்தார்கள். நானாட்டானுக்குக் கருவாடு கொண்டு போய், நெல்லாக மாற்றிக்கொண்டு பஸ்ஸில் திரும்பியவன். பத்தொன்பது வயது. கடலுக்குப் போகும்போதும் அடையாள அட்டையை மடியில் கட்டிக்கொண்டு போவான். இல்லாவிட்டால் கடற்படையிடம் அடி விழும். உப்புத் தண்ணீர் உள்ளே போய்ப் படத்திலிருந்த முகம் கரைந்துவிட்டது. பெயரும் இலக்கமும் சரியாக இருந்தன. முகம்தான் இல்லை. அதனால் வைத்துக்கொண்டார்கள்.

அந்தச் சப்பாத்துகளைக் கண்டதும் எதிர்வீட்டுக்காரர் விளையாடச் சம்மதித்துவிட்டார் என்று எனக்கு விளங்கியது.

அவரை மன்னார் முழுவதும் 'ரெனிஸ் அண்ணை' என்றே அழைத்தது. பள்ளிமுனையில் கடற்றொழில் செய்த குடும்பம். சிறு வயதில், மாவட்ட அரச அலுவலகமான கச்சேரிக்குப் பக்கத்திலிருந்த உத்தியோகத்தர் கழகத்தில் டென்னிஸ் பந்து பொறுக்கப் போனார். இடமாற்றமாகிப் போன ஓர் அதிகாரி அவரைத் தன்னோடு கொழும்புக்குக் கூட்டிச் சென்றார். அங்கே ஒரு பெரிய கழகத்தில் 'மார்க்கர்' ஆனார். உறுப்பினர்கள் அடித்துப் பழகுவதற்காகச் சம்பளத்துக்கு எதிரே நிற்கிறவரை அப்படிச் சொல்வார்கள். அங்கிருந்து இரட்டையர் ஆட்டம், பிறகு இந்தியா, மலாயா, இங்கிலாந்தின் புல்தரை, ஜெர்மனியின் மண்தரை. பதினாறு வருடம் அதுதான் அவருடைய தொழில். ஒற்றையர் ஆட்டத்தில் அவரால் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. அதை அவரே சொல்வார். "தனியா விட்டா எனக்கு மைதானம் பெரிசாப் போயிடும்" என்பார்.

இரட்டையரில் அவருடைய சோடி கொழும்பின் வசதியான குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர். சர்வீஸ் பலமான, படத்துக்கு நன்றாக முகம் கொடுக்கிற மனிதர். பத்திரிகைகளில் அவருடைய பெயர்தான் முதலில் வரும். இடம் போதாவிட்டால் துணையாசிரியர் வெட்டுவது இரண்டாவது பெயரை. 'இன்னாரும் சோடியும் வெற்றி' என்று தலைப்பு வரும். நானே பிற்காலத்தில் அந்த மேசையில் சில மாதங்கள் இருந்திருக்கிறேன், அப்படித்தான் வெட்டுவோம். மன்னார் வாசிகசாலையில் அப்படி வெட்டுப்பட்ட செய்திகளின் ஓரத்தில் யாராவது ஒருவர் அவருடைய பெயரைப் பேனையால் எழுதி வைப்பார்கள். ஆட்டத்தை நேரில் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். ஆனால் அவர் லீவில் வரும் நாளில் ஸ்ரேசனுக்குப் பாண்ட் வாத்தியம் போகும். சந்தையில் ஒரு கிழவர் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

"ஒரு பக்கத்தில ரெண்டு பேர் நிண்டு அடிக்கிறதில என்னடா வீரம்?"

"அப்பு, மற்றப் பக்கத்திலயும் ரெண்டு பேர்தான்."

"அப்ப நாலு பேர் ஒரு பந்துக்கு அடிபடுறாங்கள். இதைப் பாக்க என்னத்துக்கு லண்டன்? விடிய வெள்ளன மீன் வாடியடிக்கு வா, காட்டிறன்."

அவருடைய பெயர் தனியாக, தலைப்பில் வந்தது ஒரே ஒரு தடவை. வெளிநாட்டில் ஓர் இறுதி ஆட்டம். எதிரணி அடித்த பந்து கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. நடுவர் புள்ளியை இவர்களுக்குக் கொடுத்துவிட்டார். இவர் கையை உயர்த்தி, பந்து போகும்போது தன் மட்டையின் விளிம்பில் பட்டது என்று சொன்னார். அப்படிப் பட்டால் புள்ளி எதிரணிக்கு. யாரும் காணவில்லை, யாருக்கும் கேட்கவில்லை. அந்தப் புள்ளியோடு ஆட்டமும் போனது. அவர் விளையாடிய வட்டத்தில் அது ஒரு பெரிய காரியம் அல்ல. பட்டவன் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நடுவர் இல்லாத மைதானங்களில் அந்த வழக்கம் இல்லாமல் ஆடவே முடியாது. ஆனால் பத்திரிகைக்கு அது செய்தி. எங்கள் பங்குச் சுவாமியார் அந்த வெட்டுத்துண்டைப் பிரசங்க மேடைக்குக் கொண்டுவந்து வாசித்தார். நானும் அந்தப் பூசையில் இருந்தேன். மீன்காரி அப்போது பாவாடை சட்டைப் பிள்ளை. பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் இருந்தாளாம். அன்றிலிருந்துதான் மன்னாரில் அவருடைய புகழ் உண்மையில் தொடங்கியது. நிறுவையில் பொய் இல்லை என்று காட்ட, "ரெனிஸ் அண்ணையாண" என்று சந்தையில் சத்தியம் பண்ணுவார்கள்.

வலது தோள் பழுதான பிறகு விளையாட்டை விட்டார். கொழும்பில் இருந்த வீடு ஓர் ஆடி மாதக் கலவரத்தில் எரிந்தது. மனைவி பள்ளிக்கூட ரீச்சர், இடமாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு இருவரும் மன்னாருக்கு வந்தார்கள். பிள்ளைகள் இல்லை. கழக மைதானத்தில் அவர் ஒருநாளும் கால் வைக்கவில்லை. முதலில் தோள் காரணம். பிறகு அந்தக் கட்டடமே இராணுவ முகாமின் ஒரு பகுதியாகிவிட்டது.

அந்த வருடம் முகாமுக்கு வந்த புதிய அதிகாரி டென்னிஸ் பித்தன். மண்மூட்டைகளுக்கு நடுவே மைதானத்தைச் சுத்தப்படுத்தி, கோடு போட்டு, வலை கட்டினான். மன்னாரில் இருப்பது யார் என்று அறிந்ததும் இரண்டு தடவை ஜீப் அனுப்பினான். இரண்டு தடவையும் இவர் தோளைக் காட்டித் திருப்பி அனுப்பினார். அதை ஒழுங்கை முழுவதும் கண்டது. மீன்காரிக்கும் அது எட்டியது.

மகன் பிடிபட்ட மறுநாள் அவள் வந்தபோது நான் அவருடைய விறாந்தையில் இருந்தேன். வெறும் கையோடு வந்தாள்.

"அண்ணை, உவங்கள் ஜீப் அனுப்பினதெண்டு கேள்வி."

"ஓம். நான் போகேல்லை."

"போங்கோ அண்ணை."

ரீச்சர் உள்ளிருந்து வந்து நின்றார். "ஆமியோட விளையாடினவர் எண்டு நாளைக்கு மற்றவங்கள் வந்து கூப்பிட்டா, நான் ஆரிட்டப் போய்க் கேக்கிறது?" என்றார். இயக்கத்தைத்தான் அப்படிச் சொன்னார். அது வெறும் பயம் அல்ல என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். மீன்காரி ரீச்சரின் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீங்கள் சொன்னா அவன் கேப்பான் அண்ணை. பெரிய இடங்களில பேர் எடுத்தனீங்கள். நான் போய் வாசலில நிண்டா, போ போ எண்டு துரத்திறாங்கள்."

இவர் சிறிது நேரம் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு, "மட்டையில நரம்பு இல்லை. எல்லாம் அறுந்துபோய்க் கிடக்கு" என்றார்.

அவருடைய மறுப்பு அவ்வளவுதான் என்று அவள் விளங்கிக்கொண்டாள். பின்னேரம் ஒரு சுருள் தங்கூசி கொண்டுவந்தாள். மீன் பிடிக்கிற நைலோன் நூல். மகன் புதிய வலைக்காக வாங்கி வைத்திருந்தது. அதைக் கொண்டு அவர் இரண்டு நாள் இருந்து மட்டையைப் பின்னினார். உள்ளங்கையால் தட்டிப் பார்த்துவிட்டு, "சத்தமே வரேல்லை" என்றார். அது சரி. நல்ல நரம்பில் வருகிற ஓசை அதில் வரவில்லை. பந்து பட்டால் ஈரத் துணியில் பட்டதுபோல இருந்தது.

அதற்கு மறுநாள் காலையில்தான் நான் சப்பாத்துகளைக் கண்டேன்.

அன்று மாலை அவர் முகாமுக்கு நடந்து போனார். திரும்பி வந்து விறாந்தையில் நடந்ததைச் சொன்னார். அதிகாரி வாசலுக்கே வந்து 'சேர்' என்று கூப்பிட்டுக் கூட்டிச் சென்றானாம். ஆட்டம் முடிந்ததும் இவர் பொடியனின் பெயரைச் சொல்லி, அட்டை எப்படிக் கெட்டது என்று விளக்கினார். அதிகாரி ஆள் அனுப்பி விசாரித்தான். பொடியன் பாலத்தடியில்தான் இருந்தான். அவன்மேல் வேறு குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஆனால் விடுவதற்கு, அதிகாரிக்கு மேலே இருக்கிற பெரியவரின் கையெழுத்து வேண்டும். பெரியவர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். தலைமன்னார் கடற்படைக்காரர்கள் இரண்டு பேரோடு ஒரு நல்லெண்ண ஆட்டம் ஒழுங்காகியிருக்கிறது. இராணுவத்தின் பக்கம் அதிகாரியும் இவரும். பெரியவருக்குக் கடற்படையிடம் தோற்பது பிடிக்காது. வென்றால் தேநீர் மேசையில் அவர் நல்ல மனநிலையில் இருப்பார். அந்த நேரம் பார்த்துக் கேட்கிறேன் என்று அதிகாரி சொன்னான்.

"நல்ல பொடியன்தான் அந்த அதிகாரி," என்றார் இவர். "சர்வீஸ்தான் நிலையில்லை. ரெண்டாவது பந்தில பயப்பிடுறான்."

மீன்காரி படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "ஞாயிறு மட்டும் அவனை அங்கதான் வச்சிருப்பாங்களோ?" என்று மட்டும் கேட்டாள்.

"அப்பிடித்தான் சொன்னவன்."

பத்திரிகை ஒன்றின் மன்னார் நிருபர் என்பதால் ஞாயிற்றுக்கிழமை எனக்கும் அழைப்பு வந்தது. பத்திரிகையில் வர வேண்டும் என்பது அவர்களுடைய விருப்பம். மைதானத்தின் ஒரு பக்கம் மண்மூட்டை, மறுபக்கம் கதிரை வரிசை. மேசையில் வெள்ளை விரிப்பு, கேக் துண்டுகள், ஈ மொய்க்காமல் மேலே ஒரு மெல்லிய துணி. உயரமான ஒரு கதிரையில் கச்சேரிக் கிளாக்கர் ஒருவர் நடுவராக இருந்தார். பெரியவர் சீருடையில் வந்து நடுக் கதிரையில் அமர்ந்தார். கம்பிக்கு வெளியே, தெருவில், ஊர்ச்சனம் கொஞ்சம் நின்றது. அனுமதி இல்லைத்தான், யாரும் துரத்தவில்லை. மீன்காரி கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றாள்.

மன்னார் அவருடைய ஆட்டத்தை அன்றுதான் பார்த்தது. ஐம்பத்தைந்து வயது, தலை முழுவதும் நரை. தோளுக்கு மேல் கை எழவில்லை. அதனால் சர்வீஸைக் கீழிருந்து போட்டார். கடற்படைக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை. பந்து வரப்போகும் இடத்தில் அவர் முன்கூட்டியே நின்றார். ஓடவே இல்லை. வலைக்குப் பக்கத்தில் நிற்கும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்து, சர்வீஸ் போடப்போகும் அதிகாரிக்கு விரல்களால் சொன்னார். கையை மூடினால் நின்ற இடத்திலேயே நிற்கப்போகிறார். விரித்தால் குறுக்கே போகப்போகிறார். திரும்பிப் பார்ப்பதே இல்லை. அதிகாரி தவறு விட்டபோதும் பார்க்கவில்லை. பின்னால் நிற்பவன் வெட்கப்படக்கூடாது என்பதற்காகத் திரும்புவதில்லை என்று ஒருமுறை எனக்குச் சொல்லியிருக்கிறார்.

ஒரு செற் ஆட்டம். ஐந்துக்கு நான்கு என்று இராணுவப் பக்கம் முன்னால் நின்றது. அதிகாரியின் சர்வீஸ். நாற்பதுக்கு முப்பது. இன்னும் ஒரு புள்ளி.

முதுகுக்குப் பின்னால் இவருடைய கை மூடியிருந்தது. சர்வீஸ் நன்றாக விழுந்தது. கடற்படைக்காரன் ஒருவன் முழுப் பலத்தோடு நேரே இவருடைய உடம்பைப் பார்த்து அடித்தான். இவர் ஒதுங்கினார். பந்து கடந்து போய், கோட்டுக்கு வெளியே ஒரு முழம் தள்ளி விழுந்தது. நான் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே விழுந்ததில் சந்தேகமே இல்லை. சிப்பாய்கள் எழுந்து நின்று கத்தினார்கள். கிளாக்கர் ஆட்டம் முடிந்தது என்று அறிவித்தார். பெரியவர் கை தட்டினார். கம்பிக்கு வெளியேயும் கைதட்டல் கேட்டது. மீன்காரி சிலுவை அடையாளம் போட்டாள்.

இவர் அசையாமல் நின்றார். வலது கையில் இருந்த மட்டை உயர்ந்திருந்தது. இடது சுட்டுவிரலால் அதன் விளிம்பைத் தொட்டுக் காட்டினார். முதலில் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியவன் அதிகாரி ஒருவன்தான். அவன் கிட்ட வந்து ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டான்: நிச்சயமா, சேர்?

இவர் தலையசைத்தார்.

அதிகாரி கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு நடுவரிடம் போய்ச் சொன்னான். கிளாக்கர் பெரியவரின் முகத்தைப் பார்த்துவிட்டுப் புள்ளியை மாற்றினார். சமநிலை. அடுத்த இரண்டு சர்வீஸிலும் அதிகாரியின் இரண்டாவது பந்து வலையில் விழுந்தது. ஐந்துக்கு ஐந்து. அதற்குப் பிறகு அவர்கள் ஓர் ஆட்டமும் எடுக்கவில்லை. கடற்படை ஆறாவது ஆட்டத்தை எடுத்தபோதே பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். கடைசிப் பந்து விழுவதற்கு முன் அவருடைய ஜீப் வாசலைத் தாண்டியிருந்தது. கேக்கின் மேல் மூடிய துணியை யாரும் எடுக்கவில்லை.

அதிகாரி இவருக்குக் கை கொடுத்தான். கோபப்பட்டதாகத் தெரியவில்லை. "நாளைக்கு ரேடியோவில் பெரியவரைக் கேட்டுப் பார்க்கிறேன்" என்றான். கேட்டானா என்பது எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை விடியற்காலையில் பாலத்தடியில் இருந்தவர்களை இரண்டு லொறிகளில் ஏற்றித் தெற்கே கொண்டு போனார்கள்.

அன்று பகல் மீன்காரி வந்தாள். இவர் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். தோளில் எண்ணெய் பூசியிருந்தது. நான் படியில் இருந்தேன். அவள் அழவில்லை. ஏறி வரவும் இல்லை. முற்றத்தில் நின்றபடியே கேட்டாள்.

"மெய்யாப் பட்டதோ அண்ணை?"

"பட்டது."

"வேற ஆருக்கும் தெரியாதுதானே?"

"தெரியாது."

"சும்மா நிண்டிருக்கலாமே."

ரீச்சர் உள்ளே போய் ஒரு கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்தார். அவள் அதை வாங்கவில்லை. "சுவாமி உங்களைப் பற்றிப் பிரசங்கம் வச்சண்டைக்கு நானும் கோயிலில இருந்தனான்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் போய் வெகுநேரத்துக்குப் பிறகு, நான் எதுவும் கேட்காமலே, இவர் சொன்னார்: "பொடியனை நான் மறக்கேல்லை. பட்டது கையில தெரிஞ்ச உடன, யோசிக்க முதல் கை எழும்பிட்டுது. முப்பது வருசமா எழும்பின கை." சிறிது பொறுத்து, "தங்கூசிதானே, சத்தம் வரேல்லை. விளிம்பில பட்டது அப்பிடியே கைக்குள்ள வந்தது" என்றார்.

நான் ஒரு பக்கச் செய்தி அனுப்பினேன். நான்கு வரியாக வந்தது. கடற்படை வெற்றி, இரண்டு கடற்படை அதிகாரிகளின் பெயர்கள், இராணுவ அதிகாரியின் பெயர், 'மற்றும் சோடி'. வாசிகசாலையில் அந்தப் பிரதி கிடந்தது. இம்முறை ஓரத்தில் யாரும் எதையும் எழுதவில்லை.

அதன் பிறகு ஒரு வருடம் அவர் தேடினார். கொழும்பிலிருந்த பழைய சோடிக்குச் சொல்லி, அவர் தனக்குத் தெரிந்த பெரிய இடங்களிலெல்லாம் விசாரித்தார். இவரும் பயண அனுமதிப் பாஸ் எடுத்து இரண்டு தடவை தெற்கே போய், முகாம் வாசல்களில் நின்றார். ஓரிடத்தில் காவலுக்கு நின்ற வயதான சார்ஜன்ட் ஒருவர் அவரை அடையாளம் கண்டு, கதிரை போட்டு, தேநீர் கொடுத்து, பழைய ஆட்டம் ஒன்றைப் பற்றிக் கதைத்தாராம். பொடியனைப் பற்றி அங்கும் தகவல் இல்லை. முகாம் அதிகாரி மாற்றலாகிப் போனான். மைதானத்தில் வலையைக் கழற்றிவிட்டு வாகனங்கள் நிறுத்தினார்கள்.

சந்தையில் அவருடைய பெயரால் சத்தியம் பண்ணுவது நின்றுபோயிருந்தது. யாரும் அவரை ஏசவில்லை. தெருவில் கண்டால் வணக்கம் சொன்னார்கள். சில பேர், பந்து உண்மையில் படவே இல்லை, பெரியவருக்கு முன்னால் பெயர் எடுக்கத்தான் அப்படிச் செய்தவர் என்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன். இன்னும் சிலர், பட்டிருந்தாலும் ஆமி தோற்கட்டும் என்றுதான் செய்தவர் என்று மெச்சினார்கள். இரண்டையும் ஒரே கடையில், ஒரே பின்னேரத்தில் கேட்டேன்.

மீன்காரி ஒரு மாதம் வேலைக்கு வரவில்லை. பிறகு ஒரு காலையில் கூடையோடு வந்தாள். எங்கள் ஒழுங்கையில் பதினொரு வீடுகள். அன்றிலிருந்து அவள் பத்து வீடுகளுக்கு மீன் கொடுத்தாள்.